வெந்நீரில் மறையாத வலை

பிறந்த குழந்தையின் உடம்பில் என்னென்ன நிறம் வரும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். மைசூரில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் காலையில் போய், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் சுற்றித் தூங்க வைத்துவிட்டு வருவது என் வேலை. இன்றைக்கும் போகிறேன். எத்தனை குழந்தை என்று எண்ணி வைக்கவில்லை. எண்ணினால் கண் படும். எங்கள் வட்டாரத்து பாங்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு தாடிக்காரர், அவரை என் காலில் போட்டு உருட்டித் தேய்த்தவள் நான். பிறந்தபோது அவர் உடம்பில் நீலத் திட்டு எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். என்னைக் கண்டால் அவர் எழுந்து நிற்பார்.

அந்த நீலத் திட்டு ஒன்றும் செய்யாது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் மங்கிவிடும். பிடரியில் சிவப்பாக ஒரு திட்டு சில குழந்தைகளுக்கு இருக்கும். அழுதால் நன்றாகச் சிவக்கும், முடி வளர்ந்தால் வீட்டார் மறந்துவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு இரண்டாவது வாரத்தில் ஊசி குத்தினது போல ஒரு புள்ளி தோன்றி, மூன்றாம் மாதம் சிவந்த பழம் மாதிரி எழும்பி நிற்கும். பார்த்தவர்கள் அலறுவார்கள். அதுவும் நடுவில் சாம்பல் பூத்து மெல்ல மெல்ல அடங்கும்; கண்ணுக்குப் பக்கத்திலோ உதட்டிலோ வந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கன்னத்தில் நாவற்பழச் சாற்றைக் கொட்டினது போல ஒரு கறை, அது போகாது. ஒரே ஒரு பெண் குழந்தைக்குப் பார்த்தேன். அவள் இப்போது வக்கீல். அவள் பேச ஆரம்பித்தால் கன்னத்தை யாரும் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று குளிர் வலை. துணியை அவிழ்த்தவுடன் காற்றுப் பட்டு, கை கால் வயிறு எல்லாம் ஊதா நிறத்தில் மீன் வலை விரித்தது போல ஆகும். மார்கழியில் மைசூரில் பிறந்த குழந்தை எதுவானாலும் இது உண்டு. இரண்டாவது சொம்பு வெந்நீர் விழுந்தால் வலை ஓடிப்போகும். இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், அந்தக் குழந்தை என் காலில் வந்து படுக்கும் வரைக்கும்.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பிறந்த ஊரான கௌதள்ளியில் சின்ன வயதில் கொஞ்சம் கற்றதோடு சரி. ஆகவே நானும் மெதுவாகச் சொல்கிறேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

வொண்டிகொப்பல் பக்கம் ஒரு வீடு. மேல்கோட்டை வழி வந்த ஐயங்கார் குடும்பம். வீட்டு மாமிக்கு ஒரே மகள். மகளுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளைக்கும் அதே. தலைப்பிரசவத்துக்கு மகள் அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. தொப்புள் கொடி விழுந்து, பெயர் வைத்து, பதின்மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த மாமிக்கு என் மேல் மதிப்பு உண்டு. அவர் ஓரகத்தியின் இரண்டு பேரப் பிள்ளைகளையும் நான்தான் குளிப்பாட்டினேன். "உன் வெந்நீருக்கு ஒரு பேர் இருக்கே ஊர்ல" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். உண்மைதான். கெய்சர் தண்ணீரை நான் தண்ணீராகவே ஒப்புக்கொள்வதில்லை. கொல்லையில் செப்பு அண்டா இருந்தால் அதில் விறகு வைத்துக் காய்ச்சச் சொல்வேன். ஆவி பறக்க வேண்டும். என் கைக்குச் சுடுவது குழந்தைக்கு இதம் என்பது அன்றைக்கு என் கணக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எனக்கே அது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

முதல் நாள் மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தினேன். நல்ல குழந்தை. கண்ணை அகலத் திறந்து, 'நீ யார்' என்று கேட்பது போலப் பார்த்தாள். துணியை அவிழ்த்ததும் குளிர் வலை. சரி என்று எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் விட்டேன். கை தெளிந்தது, வயிறு தெளிந்தது, வலது கால் தெளிந்தது. இடது கால் மட்டும் தொடையிலிருந்து கணுக்கால் வரை வலை அப்படியே நின்றது. இன்னும் இரண்டு சொம்பு விட்டேன். நகரவில்லை.

குளித்து முடித்த பிறகு இரண்டு காலிலும் கறுப்புக் கயிறு கட்டுவது வழக்கம். கயிற்றை இரண்டாக மடித்து வெட்டி, நகத்தால் ஒரே இடத்தில் அடையாளம் வைத்து, அந்த இடத்தில்தான் முடிச்சுப் போடுவேன். ஒன்று இறுக்கம் ஒன்று தளர்ச்சி என்று என் கையில் வராது. அன்றைக்கு வலது காலில் கயிறு பாந்தமாக உட்கார்ந்தது. இடது காலில் கொஞ்சம் சுழன்றது. பார்த்தேன், சொல்லவில்லை.

அங்கே ஆரம்பித்தது என் தப்பு. 'நம் வெந்நீருக்கு மசியாத வலை உண்டா' என்று ஒரு வீம்பு. இரண்டாம் நாள் சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். நான்காம் நாள் இடது காலுக்கென்று தனியாக இரண்டு சொம்பு. குழந்தையின் உடம்பெல்லாம் செக்கச் செவேல் என்று ஆயிற்று, அந்தச் சிவப்புக்குள்ளும் ஊதா வலை தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு மாமி உள்ளே வந்தார்.

"அய்யய்யோ பெருமாளே! என்னடி பண்ணி வெச்சிருக்கே கொழந்தை காலை?"

"ஒண்ணும் பண்ணலீங்கம்மா. வந்தன்னைக்கே இருந்ததுங்க."

"வந்தன்னைக்கே இருந்துதா? நான் பாக்கலையே! வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டிப் பொசுக்கிட்டியே! ஆவி கூரைக்குப் போறது பாரு, இதென்ன குழந்தைக் குளியலா, இட்லி வேக வெக்கறதா?"

சத்தம் கேட்டு மகளும் வந்தாள். பிரசவித்த உடம்பு, தலையில் துணி கட்டியிருந்தது. "அம்மா, கத்தாதே. பாப்பா சிரிக்கறா பாரு" என்றாள். உண்மையில் குழந்தை என் காலில் கிடந்து சப்புக் கொட்டிக்கொண்டிருந்தாள். பொசுங்கின குழந்தை இப்படியா கிடக்கும்?

நான் கயிற்றைக் காட்டினேன். "பாருங்கம்மா. சூடு பட்ட காலுன்னா வீங்கோணும். கயிறு இறுகோணும். இந்தக் கயிறு எப்படிச் சுத்துது பாருங்க. காலு இளைச்சிருக்குதுங்க. என்ற கை பட்டு இளைக்குமா?"

"நீ லூசாக் கட்டியிருப்பே."

அந்த ஒரு சொல் எனக்கு ஆகவில்லை. பொசுக்கினேன் என்று சொன்னதைக்கூட, பதற்றத்தில் சொன்னது என்று விட்டிருப்பேன். என் முடிச்சைத் தளர்ச்சி என்று சொன்னால்? நான் குழந்தையைத் துடைத்து, சுற்றி, மகள் கையில் கொடுத்துவிட்டு, "உங்க டாக்டருகிட்டக் காட்டுங்கம்மா. நான் பொசுக்கினேன்னு அவங்க சொல்லட்டும். இந்த மைசூருல இனி ஒரு புள்ளைய நான் தொடலை" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. வெளியே வந்து தெருவில் நடக்கும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் வேலைக்குப் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு வீட்டு மாமி இன்னொரு வீட்டு மாமியிடம் சொல்வதுதான் எல்லாம். சரஸ்வதிபுரத்தில் ஒரு பெண் எட்டு மாதம், ஜெயலட்சுமிபுரத்தில் ஒருத்தி நிறைமாதம், இரண்டும் இந்த மாமியின் சொந்தம். 'பொசுக்கினவள்' என்று ஒரு வார்த்தை போனால் போதும், என் கை அன்றோடு மடியில் இருக்க வேண்டியதுதான்.

மகள் குழந்தையின் காலைப் படம் எடுத்து, வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டருக்கு போனில் அனுப்பினாளாம். அவர், "நேரில் காட்டுங்கள், குழந்தைகளின் தோலுக்கென்றே படித்த டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள்" என்று சொல்லி மறுநாளைக்கே நேரமும் வாங்கிக் கொடுத்தார். மகள்தான் எனக்கு போன் செய்தாள். மைசூர் வழக்கப்படி பாட்டியை அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவாள். "அஜ்ஜி, நீங்களும் வாங்கோ. டாக்டர் கேட்டா யார் சொல்றது? குளிப்பாட்டினது நீங்கதானே." அம்மாவுக்குத் தெரியாமல் கூப்பிட்டாளா, தெரிந்தேவா, நான் கேட்கவில்லை. நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு போனேன். தப்புச் செய்தவள் போல அழுக்குப் புடவையிலா போவேன்?

ஆட்டோவில் மாமி என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். குழந்தையை ஸ்வெட்டர், தொப்பி, மேலே ஒரு போர்வை என்று பொட்டலமாகக் கட்டியிருந்தார்கள்.

டாக்டரம்மா சின்ன வயது. கன்னடக்காரர், ஆனால் படித்தது தமிழ்நாட்டில், தமிழ் கொஞ்சம் மழலையாக வரும். பொட்டலத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தொப்பி போயிற்று, ஸ்வெட்டர் போயிற்று, துணி போயிற்று. கடைசியில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

குழந்தையின் இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை மாரியம்மன் கோயில் வேப்பமரத்துத் துணி மாதிரி மஞ்சள். வலது கால் சாதாரணமாக இருந்தது.

"சுட்ட புண்ணுக்கு மஞ்சள்தானே நல்லது டாக்டர்" என்றார் மாமி. "விடியக்காத்தால நானே குழைச்சு நன்னா ரெண்டு பூச்சு போட்டேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் மஞ்சள் காமாலை நிறைய பார்த்திருக்கேன் அம்மா. ஒரே ஒரு காலுக்கு மட்டும் வந்தது இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு, சொன்னால் என்ன, உள்ளே கொஞ்சம் குளுகுளு என்று இருந்தது.

நர்ஸ் ஒருத்தி ஈரப் பஞ்சு கொண்டு வந்து மஞ்சளைத் துடைத்தாள். ஏ.சி. போட்ட அறை, சில்லென்ற பஞ்சு. குழந்தை ஆத்திரத்தோடு கத்த ஆரம்பித்தாள். கத்தக் கத்த உடம்பு முழுக்க வலை விரிந்தது. கை, வயிறு, இரண்டு கால், எல்லாம் ஊதா.

"பாத்தேளா, இப்போ ரெண்டு கால்லயும் வந்துடுத்து!" என்றார் மாமி.

"குளிரில் எல்லாக் குழந்தைக்கும் இப்படி வரும் அம்மா. சூடு ஆனா போகும். ஆனா இப்போ எது குளிருக்கு வந்தது, எது முன்னாடியே இருந்ததுன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்க முடியலை" என்றார் டாக்டரம்மா. மஞ்சள் வேறு மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அதுவரை கதவோரமாக நின்றிருந்தேன். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "டாக்டரம்மா, ஒரு டப்பு, ஒரு பக்கெட்டு வெந்நீர், ஒரு சொம்பு. குடுங்க. நான் பிரிச்சுக் காட்டறேன்."

"இவங்க யார்?"

"குளிப்பாட்டற அஜ்ஜி" என்றாள் மகள்.

"பொசுக்கின அஜ்ஜி" என்று மாமி முனகினார்.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெந்நீருக்கு ஆள் அனுப்பினார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தப் பளபளப்பான தரையில் ஒரு துணியைப் போட்டு உட்கார்ந்து, பாதம் டப்புக்குள் இருக்கும்படி காலை நீட்டினேன். அந்த அறையில் அதற்கு முன் யாரும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். குழந்தையை என் காலில் கிடத்தியதும் அழுகை பாதியில் நின்றது. தெரிந்த இடம் அல்லவா.

பக்கெட்டில் கையை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சூடா வேணும்" என்றேன்.

டாக்டரம்மா கோட்டுக் கையை மடித்துக்கொண்டு, தன் முழங்கையைத் தண்ணீரில் விட்டார். "அஜ்ஜி, இதுவே ஜாஸ்தி." பச்சைத் தண்ணீரை ஊற்றினார். இன்னும் ஊற்றினார்.

"இது தண்ணியா டாக்டரம்மா? இதுல ரசம்கூட வெக்க முடியாது."

"குழந்தைக்கு இதுதான் சூடு. நீங்க ஊத்துங்க."

ஊற்றினேன். எனக்கு நம்பிக்கையே இல்லை. முதல் சொம்பில் வயிறு தெளிந்தது. இரண்டாவது சொம்பில் கைகள். மூன்றாவதில் வலது கால் வெண்ணெய் மாதிரி ஆயிற்று. இடது காலில் மஞ்சள் கரைந்து ஓடியது, வலை மட்டும் கோடு கோடாகத் தெளிந்து நின்றது.

"அங்கேயே நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விரலால் அழுத்தினார், எடுத்தார், பார்த்தார். தொடையிடுக்கில் விரல் வைத்து நாடி பார்த்தார். வலையின் ஒவ்வொரு கண்ணையும் எண்ணுவது போலக் குனிந்து பார்த்தார். "தினமும் இப்படித்தானா? வெந்நீரிலும் போகலையா?"

"நாலு நாளா நிக்குதுங்க. நானும் சூடு கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்." இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சொல்லத்தான் வேண்டும், டாக்டரிடம் மறைத்து என்ன? பிறகு கயிற்றைக் காட்டினேன். "இதையும் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு. இது சுத்துது."

டாக்டரம்மா நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் இரண்டு ஆடுசதையையும் அளந்தார். இடது பக்கம் கொஞ்சம் குறைவு. சுண்டு விரல் நகத்தின் அகலம் இருக்கும். மாமி அந்த நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிறந்த அன்னைக்கு இது இருந்ததா?"

"இல்லை டாக்டர். சுத்தமா இருந்தா" என்றார் மாமி.

"கால் தெரியற மாதிரி போட்டோ இருக்கா?"

மகள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான படம், எல்லாம் முகம். தூங்கும் முகம், கொட்டாவி விடும் முகம். கால் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதற்கப்புறம் மார்கழிக் குளிர், யார் அவிழ்த்துப் பார்த்தார்கள்?

"ஒண்ணு இருக்கு!" என்று திடீரென்று கத்தினாள். "அவர் ஒரு படம் போட்டாரே, உள்ளங்கையில ரெண்டு பாதத்தையும் வெச்சுண்டு."

அதை எடுத்துக் காட்டினாள். மாப்பிள்ளையின் உள்ளங்கையில் இரண்டு குட்டிக் கால்கள், முழங்கால் வரை. இரண்டும் மெழுகு பொம்மை போல வழவழ என்று இருந்தன. ஒரு கோடு இல்லை. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் மகள் உதட்டைக் கடித்தாள். "இரும்மா. ஸ்டேட்டஸ்ல போடறதுக்காக அவர் அழகு பண்ணியிருப்பார். என் கண்ணுக்குக் கீழ இருந்த கருவளையத்தையே எடுத்தவர்." உடனே பெங்களூருக்கு போன் போட்டாள். "ஏன்னா, பாப்பா கால் போட்டோ, எடுத்தபடியே இருக்கே, அதை அனுப்புங்கோ. அழகு பண்ணாததை. இப்பவே. மீட்டிங்கா? மீட்டிங்கை விடுங்கோ!"

நாங்கள் நான்கு பேரும் ஒரு போனைச் சுற்றி நின்றோம். நான் ஈரக்காலோடு, குழந்தை என் தோளில் துண்டுக்குள். படம் வந்தது. ஆஸ்பத்திரி அட்டை கட்டின இடது கணுக்கால், அதற்கு மேலே ஊதா வலை, தெளிவாக. எடுத்த தேதியும் கூடவே இருந்தது; பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் அந்தக் குழந்தை பிறந்த விஷயமே தெரியாமல் வேறு வீட்டில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் குழந்தையின் காதில், "கண்ணு, சாட்சி சொல்லிட்டயே" என்றேன்.

டாக்டரம்மா அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். நான்கு பெட்டி கோத்த ரயில் போல நீளம். எனக்கு முதல் பெட்டிகூட வாயில் ஏறவில்லை. "அரிதா வர்றது. தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் விரிஞ்சு இப்படித் தெரியும். பளிங்குக் கல்லில் கோடு ஓடுமே, அந்த மாதிரி. அதைத்தான் அந்தப் பேர் சொல்லுது" என்றார்.

பளிங்கு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருந்தவரை பளிங்கு பதிக்கிற மேஸ்திரி. கல்லில் ஓடுகிற ரேகை மேலே ஒட்டினது இல்லை, கல்லோடு பிறந்தது; ஆசிட் ஊற்றினாலும் போகாது என்பார். இது தெரிந்தும் நான்கு நாள் வெந்நீர் ஊற்றியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆனா கல் மாதிரி இல்லை" என்றார் டாக்டரம்மா. "இது பெரும்பாலும் தானே மங்கும். முதல் ரெண்டு மூணு வருஷத்தில் நிறைய குறையும். ஒரு ஸ்கேன் எடுப்போம், இருதயம், கண் எல்லாம் ஒரு தடவை பார்த்துடுவோம். ரெண்டு காலையும் அப்பப்போ அளந்து பார்க்கணும். தோலில் புண் வந்தா உடனே வாங்க. பயப்பட ஒண்ணும் தெரியலை."

மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார். "கிரகணத்தால வர்றது இல்லையே டாக்டர்?"

"கிரகணமா?"

"ஏழாம் மாசத்துல கிரகணம் வந்துது. இவ மாடிக்குப் போயிட்டா. நான் சொல்லச் சொல்லக் கேக்காம."

"அம்மா! துணி எடுக்கப் போனேன். மழை வந்துது!"

டாக்டரம்மா சிரித்தார். "கிரகணத்துக்கு இடது கால் எது, வலது கால் எதுன்னு தெரியாது அம்மா. யாரும் எதுவும் பண்ணி இது வரலை."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தக் காலைப் பார்த்த நிமிஷத்திலேயே மாமியின் மனதில் கிரகணம் வந்திருக்கிறது. சம்பந்தி வீட்டார் வந்து காலைப் பார்த்தால் கேட்பார்கள். பழியை ஒருத்தி தலையில் போட்டாக வேண்டும். பெற்ற மகள் தலையில் போடுவாரா, வெந்நீர் ஊற்ற வந்தவள் தலையில் போடுவாரா? நானாக இருந்தாலும் என் மகளை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை இரண்டு நாள் வைத்திருந்தேன்.

புறப்படும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். "அஜ்ஜி, வெந்நீரில் போகலைன்னு கவனிச்சதும் கயிறு தளர்ந்ததைக் கவனிச்சதும் நீங்கதான். என் வேலையில் பாதி முடிஞ்சிருந்தது." எனக்குத் தலை ஆகாயத்தைத் தொட்டது. தொட்டு இறங்குவதற்குள், "ஆனா உங்க வெந்நீர் தப்பு. இந்தக் குழந்தைக்கு மட்டும் இல்லை, எந்தக் குழந்தைக்கும் அவ்வளவு சூடு கூடாது. இந்தக் காலைக் கெட்டியா அழுத்தித் தேய்க்கவும் கூடாது. முழங்கை வெச்சுப் பாருங்க. கைக்குத் தெரியாது, உங்க கை காய்ச்சுப் போயிருக்கு" என்றார்.

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கை காய்ச்சுப் போனது நிஜம்தான்.

திரும்பும் ஆட்டோவில் மாமி குழந்தையின் இடது காலைத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்தபோது, என்னைப் பார்க்காமலேயே, "காலம்பற எப்பவும் போல வந்துடு. அண்டாவில வெந்நீர் நானே போட்டு வெக்கறேன்" என்றார்.

"பக்கத்துல ஒரு பக்கெட்டு பச்சைத் தண்ணியும் வெச்சிருங்கம்மா" என்றேன்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, முடிஞ்சுதா உங்க யுத்தம்?" என்றாள்.

மறுநாளிலிருந்து முழங்கைதான். சரஸ்வதிபுரத்து வீட்டிலும் முழங்கை, ஜெயலட்சுமிபுரத்திலும் முழங்கை. "என்ன அஜ்ஜி, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு?" என்று கேட்டவர்களிடம், "குழந்தைக்கு இதுதானுங்க சூடு" என்று, பிறந்ததிலிருந்து அப்படியே செய்து வந்தவள் போலச் சொல்லிவிட்டேன். மாமி அங்கெல்லாம் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகு தெரிய வந்தது. "அவ கையில கொழந்தையைக் குடுத்தா டாக்டருக்குக் குடுத்த மாதிரி" என்றாராம். பொசுக்கினது பற்றி ஒரு மூச்சு இல்லை. நானும் மஞ்சள் பூசினதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், ஆனால் பெயர் போடவில்லையே.

ஸ்கேன் நன்றாக இருந்தது, கண் நன்றாக இருந்தது. ஒரு வயது நிறைவுக்கு வெள்ளிக் கொலுசு செய்யத் தட்டாரை வீட்டுக்கு வரவழைத்தார்கள். அவர் ஒரு காலை அளந்து இரண்டுக்கும் அதே அளவு எழுதப் போனார். மாமி தடுத்தார். "இருங்கோ. அவா வரட்டும், அவா அளந்து சொல்லுவா" என்று எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய், இரண்டு கணுக்காலிலும் நூல் சுற்றி, நகத்தால் அடையாளம் வைத்துக் கொடுத்தேன். இடது கொலுசில் ஒரு வளையம் குறைத்துச் செய்தார்கள். குறைத்த வளையத்தை மாமி குங்குமச் சிமிழில் போட்டு வைத்தார்.

போன மாதம் இரண்டு வயது நிறைந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்தப் பெண் ஓடி வந்து, மணை எங்கே என்று தேடி, தானாகவே என் காலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். படுக்க இடம் போதவில்லை, தலை வெளியே தொங்கியது. இடது காலைத் திருப்பிப் பார்த்தேன். வலை இருக்கிறது, ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே லேசாக, பாலில் ஒரு சொட்டுத் திராட்சைச் சாறு விழுந்தது போல.

"அளந்து பாருங்கோ" என்று மாமி நூலைக் கொடுத்தார்.

அவள் காலை உதறிக்கொண்டே இருந்தாள். மாமி தோளைப் பிடிக்க, மகள் பாதத்தைப் பிடிக்க, இரண்டு நூலையும் சுற்றி எடுத்து, நுனியைச் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இன்னும் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஓர் அரிசியின் அகலம்கூட இல்லை.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த வெள்ளி வளையம் குங்குமத்தில் புரண்டு சிவந்து கிடந்தது. அதை முந்தானையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, "தட்டார்கிட்ட நீங்களே சொல்லிடுங்கோ, சேத்துடலாம்னு" என்றார்.